விடிந்தால் சாய்ந்து நிற்கும் கார்: காற்று சஸ்பென்ஷனில் கசிவைப் பிடிப்பது

யாழ்ப்பாணத்துக் காரைநகரில் இருந்து ஒரு அண்ணை விடிய ஆறு மணிக்கே போன் எடுத்தார். "தம்பி, கார் முன்பக்கம் இடது மூலையிலை குந்திக்கொண்டு நிக்குது. ஸ்டார்ட் பண்ணினா எழும்புது. அடுத்த நாள் விடிஞ்சா திரும்பவும் அதே கதை." அதற்கு நாலு மாதம் முன்பு வேறொரு கராஜில், காற்றை ஏற்றும் பம்பான கொம்பிரஷரைப் புதுசாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பிழை போகவில்லை. அந்தப் புதுக் கொம்பிரஷரும் இப்போது இரையத் தொடங்கியிருந்தது.

காற்று சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர்ப் பைகள், உள்ள வாகனம் சாய்ந்தால் எல்லோரும் முதலில் கொம்பிரஷரில்தான் கை வைக்கிறார்கள். ஸ்டார்ட் பண்ணியதும் கார் எழும்புகிறது என்றால் கொம்பிரஷர் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். எங்கோ காற்றுப் போகிறது. போன காற்றை ஈடுகட்ட அது ஓடி ஓடி, சூடேறி, பிஸ்டன் ரிங் தேய்ந்து, கடைசியில் சாகிறது. கசிவை அடைக்காமல் புதுசு போட்டால் அதற்கும் அதே கதிதான்.

கொக்குவிலில் என் கராஜுக்கு இப்படி வரும் எந்த வண்டியையும் முதல் நாள் நான் கழற்றுவதில்லை. ஒரு இரவு நிற்க விடுவேன். வீட்டிலேயே நீங்கள் இதைச் செய்யலாம். பின்னேரம் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை நிற்பாட்டி, ஒவ்வொரு சில்லின் நடுவில் இருந்து மட்கார்ட் விளிம்பு வரை மி.மீ. கணக்கில் அளந்து எழுதுங்கள். பூட்டிவிட்டுத் திறப்பை வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். இடையில் கதவைத் திறந்தால் பல கார்களில் சிஸ்டம் விழித்துத் தன்னைச் சரிசெய்துவிடும், அளவு பிழைத்துப் போகும். விடிய, கதவைத் தொடாமல் திரும்ப அளவுங்கள்.

அண்ணையின் காரில் முன் இடது 382இல் இருந்து 341க்கு இறங்கியிருந்தது. மற்ற மூன்றும் 2, 3 மி.மீ. மட்டும். அந்தச் சின்ன இறக்கம் இயல்பு. ஓடிச் சூடான காற்று இரவில் குளிர்ந்து சுருங்கும்.

ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்தக் காற்றுப் பை, அல்லது அதற்குப் போகும் குழாய், அல்லது காற்றைச் சில்லுகளுக்குப் பிரித்துவிடும் வால்வ் புளொக்கில் அந்தச் சில்லுக்கான வால்வ். இரண்டு முன் சில்லும் ஒரே அளவில் இறங்கினால் வால்வ் புளொக்கை முதலில் சந்தேகப்படுங்கள். இரவு முழுக்க அளவு மாறவே இல்லை, ஆனால் கார் கோணலாகவே நிற்கிறது என்றால் பெரும்பாலும் உயர சென்சர், அல்லது அதன் சின்னக் கம்பி மூட்டு. நாலும் பதிந்து, ஸ்டார்ட் பண்ணியும் எழும்பவில்லை என்றால்தான் கொம்பிரஷர் பக்கம் போக வேண்டும்.

சரி, மூலை தெரிந்துவிட்டது. அடுத்தது சவர்க்காரத் தண்ணீர். நான் பாடம் படித்தது இந்த இடத்தில்தான். காரைநகருக்குப் போனபோது அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரிலேயே சவர்க்காரத்தைக் கரைத்துப் பூசினேன். ஒரு குமிழும் வரவில்லை. பை நல்லது, வால்வ் புளொக்தான் பிழை என்று சொல்லிவிட்டு வந்தேன். இரவு படுத்திருக்கும்போதுதான் மூளையில் தட்டியது. தீவுப் பகுதிக் கிணறு, உவர் தண்ணீர். அதில் சவர்க்காரம் திரியுமே தவிர நுரைக்காது. அடுத்த நாள் நல்ல தண்ணீர் இரண்டு போத்தலும், பாத்திரம் கழுவும் திரவமும், பெயின்ற் பிரஷும் கொண்டு போனேன்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, டோர்ச் அடித்து, பையின் கீழ் மடிப்பில் பிரஷால் மெதுவாகப் பூசினேன். ரப்பர் உருண்டு மடியும் அந்த வளைவில்தான் நாள்பட வெடிப்பு விழும். அரை நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு மடிப்பின் உட்பக்கத்தில் ரவை மணி போல வெள்ளைப் புள்ளிகள் ஒரு கோடாக வந்து, ஒன்றோடு ஒன்று சேர்ந்து தயிர்க் கட்டி மாதிரி நின்றன. வெடிப்பு நகக்கீறல் அளவுகூட இல்லை. பிரஷைப் போட்டு ஓடக்கூடாது. ஒரு இடத்துக்கு ஒரு நிமிடமாவது கொடுங்கள். காரை உயர நிலையில் வைத்து ஒரு தரம், சாதாரண நிலையில் ஒரு தரம் பாருங்கள். சில வெடிப்பு ஒரு நிலையில் மட்டும்தான் வாய் திறக்கும். பையை மூடி உறை இருந்தால் உறையின் கீழ் விளிம்பிலும் மேல் மூட்டிலும் பூசுங்கள்.

குழாய் மூட்டில் குமிழ் வந்தால் அதிர்ஷ்டம், செலவு குறைவு. குழாயின் நுனியைப் புது பிளேட்டால் நேராக 5 மி.மீ. வெட்டி, புது மூட்டுப் போட்டால் போதும். கோணலாக வெட்டினால் திரும்பக் கசியும்.

எதைக் கழற்ற முதலும் ஒன்று. காற்றில் நிற்கும் காருக்குக் கீழே உடம்பை விடாதீர்கள். ஜக்கை மட்டும் நம்பியும் போகாதீர்கள். குழாய் கழன்ற நொடியில் கார் இறங்கும், ஆளை நசுக்கும். மெனுவில் ஜக் நிலை (கார் தானாக உயரத்தை மாற்றாமல் இருக்கும் நிலை) இருந்தால் போட்டு, இரும்பு ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, காரின் கணினியோடு பேசும் ஸ்கானரால் அந்தச் சில்லின் காற்றை இறக்கிவிட்டுத்தான் ஸ்பானர். உள்ளே இருப்பது ரயரில் உள்ளதைப் போல பல மடங்கு அழுத்தம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள்.

பை வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். பசையோ ஒட்டுப் போடுவதோ அந்த மடிப்பில் நிற்காது. கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் கழற்றிய பழைய பை மலிவாகக் கிடைக்கும். எஞ்சின் சாமான் என்றால் நானும் அங்கே வாங்குவேன், ஆனால் ரப்பரை வாங்கமாட்டேன். வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதன் வயது உங்கள் பையின் வயதுதான். ஸ்பிரிங் போட்டு மாற்றித் தரச் சொல்பவர்களும் உண்டு. ஓடும், ஆனால் எச்சரிக்கை விளக்கு எரியும், பாரத்துக்கு ஏற்ப உயரம் சரிசெய்யும் வேலை போய்விடும்.

புதுப் பை பூட்டியதும் வெறும் பையின் மேல் காரை இறக்கிவிடாதீர்கள். மடிப்பு மாறி நசுங்கி, ஓட முன்னமே கிழியும். ஸ்கானரால் கொஞ்சம் காற்று ஏற்றி, மடிப்பு வட்டமாக உருண்டதைக் கண்ணால் பார்த்த பிறகு மெல்ல இறக்குங்கள். சில்லைத் தாங்கும் கீழ்க் கையின் (lower arm) ரப்பர் புஷ் போல்ற்றுகளைக் கார் தன் உயரத்தில் நிற்கும்போதுதான் முழுக்க இறுக்க வேண்டும்.

கொம்பிரஷர் பக்கம் போக வேண்டி வந்தால் முதலில் பற்றரியைப் பாருங்கள். வோல்ட் குறைந்தால் பல கார்கள் கொம்பிரஷரை ஓடவே விடாது. பிறகு பியூஸ், பிறகு கொம்பிரஷருக்கு மின்சாரம் விடும் சுவிச்சான ரிலே. ரிலே ஒட்டிப்பிடித்தால் கார் பூட்டிய பிறகும் கொம்பிரஷர் ஓடிக்கொண்டே இருந்து எரியும். கொம்பிரஷரை மாற்றுகிறவர்கள் ரிலேயையும் சேர்த்தே மாற்றுங்கள், அதன் விலை பெரிதல்ல. காற்றை உலர்த்தும் டிரையரையும் விடாதீர்கள். கார்த்திகை மழையில் ஈரம் ஏறிய டிரையர் தண்ணீரை வால்வ் புளொக்குக்குள் அனுப்பிவிடும்.

பொன்னாலைப் பாலத்தாலும் பண்ணைப் பாலத்தாலும் கடலைக் கடந்து தினம் போய்வருகிறவர்கள் வாரம் ஒரு தரம் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பின் மேல் உப்பைத்தான் பூசும். மடிப்புக்குள் சேரும் வெள்ளைக் கல்லுத் தூசி ரப்பரை அரம் போல அராவும். மினுங்கட்டும் என்று மண்ணெண்ணெயும் கிறீசும் தடவாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும்.

அண்ணையின் காருக்கு முன் இரண்டு பையும் மாற்றி, ஸ்கானரில் உயரத்தைப் பதிந்து கொடுத்தேன். அன்றிரவு அவரையே அளக்கச் சொன்னேன். விடிய அனுப்பிய கணக்கு: முன் இடது 384, முன் வலது 385. முந்தின பின்னேரம் இரண்டும் 386.