அவுட்லேண்டர் பிளக்-இன் ஹைபிரிட்டில் நுவரெலியா ஏறுவது எப்படி?

மிட்சுபிசி அவுட்லேண்டரின் பிளக்-இன் ஹைபிரிட், அதாவது வீட்டுப் பிளக்கில் சார்ஜ் போடக்கூடிய, பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்த கார், 2013இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அந்த முதல் தலைமுறைக் கார் இலங்கை வீதிகளிலும் நிறையவே ஓடுகிறது. வைத்திருப்பவர்களில் பலர் வெள்ளவத்தையில் ஏறி உட்கார்ந்து, பற்றரி தீரும்வரை மின்சாரத்திலேயே ஓட்டிவிட்டு, மலை ஏறும்போது எஞ்சின் அலறுகிறது என்கிறார்கள். பற்றரியை எங்கே செலவழிப்பது என்பதை நீங்கள் தீர்மானித்தால் அந்த அலறல் பெருமளவு குறையும்.

முதலில் காரின் அமைப்பு. முன்னால் ஒரு 60 கிலோவாட் மோட்டர், பின்னால் இன்னொன்று. வழக்கமான கியர்பொக்ஸ் கிடையாது. 2 லீற்றர் பெற்றோல் எஞ்சின் மெதுவான ஓட்டத்தில் ஜெனரேற்றரை மட்டுமே சுழற்றும். ஏறக்குறைய 65 கி.மீ. வேகத்துக்கு மேல்தான் ஒரு கிளச் வழியாக முன் சில்லுகளை நேரடியாக இழுக்கும். மலைப்பாதையில் அந்த வேகம் வராது. ஆகவே பற்றரி காலியானால் ஏற்றத்துக்கான முழுச் சக்தியையும் எஞ்சின் ஜெனரேற்றர் வழியாகவே தரவேண்டும். அலறலுக்குக் காரணம் அதுதான்.

இப்போது கணக்கு. பற்றரி 12 கிலோவாட் மணி, அதாவது மின்பட்டியலில் வரும் 12 அலகு. முழுவதையும் கார் தராது. ஏறக்குறைய 30 சதவீதம் மிச்சமிருக்கும்போதே எஞ்சினை எழுப்பிவிடும். கையில் கிடைப்பது எட்டு அலகு அளவுதான். பேராதனையிலிருந்து நுவரெலியா சுமார் 1,400 மீற்றர் உயரம். ஆட்களோடு 2,000 கிலோ எடையை அவ்வளவு தூக்கவே 7.6 அலகு வேண்டும், சில்லு உராய்வு, காற்றுத்தடை எல்லாம் அதற்கு மேல். முழுப் பற்றரியோடு போனாலும் தனியே ஏறமுடியாது, எஞ்சினும் பற்றரியும் சேர்ந்து ஏறவேண்டும்.

அதனால் நான் செய்வது இது. முதல்நாள் இரவே வீட்டில் சார்ஜ் போடுவேன். 230 வோல்ட், 10 அம்பியர் என்றால் ஐந்து மணித்தியாலம் போதும். எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம்; பிளக் தொட்டால் சுடுகிறதென்றால் மின்வேலைக்காரரைக் கூப்பிட்டுச் சுவர் சொக்கெற்றை மாற்றுங்கள். கொழும்பு நெரிசலை மின்சாரத்தில் கடந்து, கடவத்தை தாண்டியதும் சேவ் பொத்தானை அழுத்துவேன். பற்றரி அந்த அளவிலேயே நிற்கும். கம்பளையில் சேவ் பொத்தானை நிறுத்திவிடுவேன். புசல்லாவை, றம்பொடை வளைவுகளில் திடீரென்று கேட்கும் சக்தியைப் பற்றரி கொடுக்கும், எஞ்சின் அமைதியாக வழக்கமான சுமையைக் கவனிக்கும்.

சார்ஜ் போட மறந்துவிட்டால் அப்போதுதான் எஞ்சினை ஓட்டிப் பற்றரியை நிரப்பும் சார்ஜ் பொத்தான். பெற்றோலை எரித்து மின்சாரமாக்கி மறுபடி இயக்கமாக்குவதில் ஒவ்வொரு படியிலும் இழப்பு உண்டு, வழக்கமாக்காதீர்கள்.

நுவரெலியாக் குளிரில் ஹீற்றரைப் போட்டதும் எஞ்சின் ஓடுகிறதா? பழுதில்லை. மின் ஹீற்றர் இல்லாத மொடல்களில் சூடு எஞ்சினிலிருந்துதான் வரவேண்டும்.

இறங்குவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன்: ஹொட்டேலில் பிளக் கிடைக்கிறதென்று பற்றரியை நிரப்பிக்கொண்டு கிளம்பாதீர்கள். இறக்கத்தில் மோட்டர் ஜெனரேற்றராகிக் காரைப் பிடிக்கும்; அப்போது வரும் மின்சாரத்தை வாங்க நிரம்பிய பற்றரியில் இடமில்லை. சுமை பெருமளவு பிரேக்கில் விழும், அது சூடேறும். கால்வாசியாவது காலியாக வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள துடுப்பு போன்ற விசையைத் தட்டி B5க்கு, அதாவது மோட்டர் காரை மிக அழுத்தமாகப் பிடிக்கும் நிலைக்கு, போங்கள். கால் எடுத்தாலே கார் பிடித்துக்கொள்ளும். என் கணக்குப்படி கம்பளை வருவதற்குள் இரண்டு அலகாவது திரும்பக் கிடைக்கும். ஒன்று மட்டும்: மழையில் றம்பொடைப் பக்கம் வீதி வழுக்கும், அங்கே B3 போதும்.