பழைய ஹோண்டா சிட்டி வாங்குமுன் ஏற்காடு ஏற்றிப் பாருங்கள்

1998 முதல் 2003 வரை இங்கே விற்ற அந்த முதல் ஹோண்டா சிட்டியைத் தேடி அலைபவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாழ்வான பானட், அகலமான கண்ணாடி, சுற்றச் சுற்ற உற்சாகமாகும் இஞ்சின். அதன்மேல் எனக்கிருக்கும் பிரியம் குறையவே இல்லை. 2000-ல் வந்த 1.5 விடெக் (ஹோண்டாவின் வால்வு தொழில்நுட்பம் கொண்ட இஞ்சின்), 106 குதிரைத்திறன், கிடைத்தால் விடாதீர்கள். 1.3-ம் நல்ல வண்டிதான். ஆனால் சேலம் ஐந்து ரோட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

காலையிலேயே போய் பானட்டில் கை வையுங்கள். சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே கூலன்ட் நிறம் தெரிய வேண்டும், துருத் தண்ணீர் அல்ல. பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவைத் தடவிப் பாருங்கள், துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.

அப்புறம் விற்பவரையும் உட்கார வைத்துக்கொண்டு ஏற்காடு அடிவாரத்திலிருந்து ஏறுங்கள், ஏசி போட்டபடியே. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே அசையாமல் நிற்க வேண்டும். இறங்கும்போதும் அதே முள்ளைப் பாருங்கள். இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது முள் அடிவரை சரிந்தால், கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்ப திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை யாரோ கழற்றி எறிந்திருக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு வைத்தியம் என்று செய்யும் இந்த வேலை இஞ்சினுக்குக் கெடுதல்.

கீழே வந்ததும் முக்கியமான சோதனை. உச்சி வெயிலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அரை மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். செக் இஞ்சின் விளக்கு இரண்டு வினாடி எரிந்து அணையும். அந்த நேரத்தில் பின்சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் 'உம்ம்' என்று முனகும். செல்ஃப் சுற்றுகிறது, பம்ப் மட்டும் மௌனம், சாயங்காலம் ஆறியதும் தானாக ஸ்டார்ட் ஆகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மெயின் ரிலே, அதாவது பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச் பெட்டி. அக்காலத்து ஹோண்டாக்களுக்கே உரிய வியாதி இது. பம்பை மாற்றச் சொல்வார்கள், மாற்றாதீர்கள்.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியை எடுங்கள். மூடியை நெம்பினால் உள்ளே ஒரு போர்டு. அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். தடித்த கால்களைச் சுற்றி முடி அளவுக்குக் கறுப்பு வளையம் தெரியும். ஈயம் வெடித்த இடம் அது. சூட்டில் விரிந்து அங்கே தொடர்பு அறுகிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக சோல்டர் வைத்தால் போதும். இதற்காக ஒரு நல்ல வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

வாங்கிய பிறகு டேப்பட், அதாவது வால்வு இடைவெளி பாருங்கள். இந்த இஞ்சினில் அது ஸ்க்ரூவும் நட்டும்தான், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் இருந்தால் நீங்களே செய்யலாம். ஆனால் இஞ்சின் 38 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். சித்திரையில் சேலத்தின் மதியக் காற்றே அதைத் தாண்டிவிடும் என்பதால், விடிகாலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். அந்த வேலைக்கு விடும்போது மெக்கானிக்கிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: இது இடப்பக்கமாகச் சுற்றும் இஞ்சின். மற்ற வண்டிகளில் செய்வதுபோல் கிராங்க் புல்லி போல்ட்டில் கம்பியை முட்டுக் கொடுத்து செல்ஃப் அடித்தால் போல்ட் கழலாது, இன்னும் இறுகும். புல்லியைப் பிடிக்கும் டூலும் நீளமான பாரும் வைத்திருக்கும் பட்டறையாகப் பார்த்து விடுங்கள்.