மேசையில் 500 லக்ஸ், ஆனாலும் கண் கூசியது

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் நடத்தும் டியூஷன் வகுப்பில் எல்இடி பேனல் மாட்டியதிலிருந்து, "டீச்சர், கண்ணு கூசுது" என்று பிள்ளைகள் புகார் சொன்னார்கள். மேசையில் லக்ஸ் மீட்டர் 500 காட்டியது. படிக்க அது போதும். ஆனால் லக்ஸ், மேசையில் விழும் ஒளியைத்தான் சொல்லும். கண் கூச்சத்துக்கு யுஜிஆர் (UGR, Unified Glare Rating) என்ற தனி அளவு உண்டு. ஐரோப்பியத் தரத்தின்படி வகுப்பறையில் அது 19-ஐத் தாண்டக்கூடாது. அதைக் கணக்கிடும் சூத்திரத்தில், விளக்கின் ஒளிர்வு (கண்ணுக்குத் தெரியும் பிரகாசம்) இருமடங்கானால் அதன் பங்கு நான்கு மடங்காகும். பின்னணி இருண்டிருந்தால் கூச்சம் இன்னும் ஏறும்.

வெள்ளைப்பலகையைப் பார்த்தபடி, விளக்கை மட்டும் கையால் மறைத்தேன். கண்ணுக்கு உடனே இதமாக இருந்தது, கோளாறு விளக்கில்தான். பக்கவாட்டில் கண்ணில் அடிக்கும் ஒளியைக் குறைக்கும் பட்டகத் தகடு (prismatic) பொருத்திய பேனல்களுக்கு மாற்றி, சாம்பல் நிறக் கூரைக்கும் சுவருக்கும் வெள்ளையடித்தோம். வாங்கும்போது வாட்ஸை மட்டும் பார்க்காதீர்கள், யுஜிஆர் விவரத்தையும் கேளுங்கள்.