பள்ளியில் நடத்தைப் பிரச்சினைகளைக் கையாள்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘பிஹேவியர் சப்போர்ட்’ என்று தனிப் பதவி அநேகமாகக் கிடையாது. சிறப்பாசிரியர், கவுன்சலர், ஷேடோ டீச்சர் (வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கூடவே இருந்து உதவுபவர்) என்று எந்தப் பெயரில் சேர்ந்தாலும், சேர்ந்த சில நாட்களிலேயே ஒரு பிள்ளையைக் காட்டி, “இவன் ரொம்ப அடம் மிஸ், நீங்கதான் சரி பண்ணணும்” என்பார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேயே தொடங்கிவிடும். எல்லோரும் பிள்ளையையே பார்க்கிறோம். கத்துவதற்கு முன்னால் என்ன நடந்தது, கத்தியதால் அவனுக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பதில்லை.

‘அடம்’, ‘சேட்டை’, ‘அக்ரசிவ்’, ‘வேணும்னே பண்றான்’ போன்ற வார்த்தைகளைப் பதிவு நோட்டில் எழுதாதீர்கள். அவை நம் எரிச்சலைச் சொல்லுமே தவிர நடந்ததைச் சொல்லாது. இப்படி எழுதிப் பாருங்கள்: “11.20, தமிழ் பீரியட், டிக்டேஷன். மூன்றாவது வார்த்தையில் பென்சிலை எறிந்தான். தாளைக் கிழித்தான். மிஸ் ஆபீஸ் ரூமுக்கு அனுப்பினார். பீரியட் முடியும்வரை அங்கேயே இருந்தான்.” ஒரு வாரம் இப்படி எழுதினாலே, கிழிப்பதெல்லாம் எழுதச் சொல்லும்போதுதான் நடக்கிறது, கணக்கு பீரியடில் வாய்க்கணக்கு போடும்போது நடப்பதில்லை என்பது கண்ணில் படும். ஆபீஸ் ரூமில் என்ன நடக்கிறது என்றும் போய்ப் பாருங்கள். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, ஆபீஸ் அக்கா கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான். மிஸ் அதைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருப்பார். அவனைப் பொறுத்தவரை தாளைக் கிழித்தால் டிக்டேஷன் இல்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகளின் இத்தகைய நடத்தைக்குப் பின்னால் பெரும்பாலும் நான்கில் ஒன்று இருக்கும்: யாராவது தன்னைக் கவனிக்க வேண்டும், பிடிக்காத வேலையிலிருந்து தப்பிக்க வேண்டும், ஒரு பொருளோ விளையாட்டோ கிடைக்க வேண்டும், அல்லது அந்தச் செயல் தரும் உணர்வே உடம்புக்குத் தேவைப்படுகிறது. தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்ட பிள்ளைகளை வெவ்வேறு சூழல்களில் வைத்துக் கவனித்து, ஒரே நடத்தைக்குப் பிள்ளைக்குப் பிள்ளை காரணம் வேறுபடும் என்று அமெரிக்காவில் பிரையன் இவாட்டாவும் உடன் பணியாற்றியவர்களும் 1982-இல் காட்டினார்கள். போன வருடம் ஒரு பிள்ளைக்குப் பலித்த திட்டத்தை இந்த வருடம் இன்னொரு பிள்ளைக்கு அப்படியே ஒட்டுவது ஏன் தவறு என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

தாளைக் கிழிக்கிறவனிடமே வருவோம். ஆபீஸுக்கு அனுப்புவதை நிறுத்தினால் மட்டும் போதாது. எழுத்து அவனுக்கு ஏன் இவ்வளவு கசக்கிறது? கை வலிக்கிறதா, எழுத்துக்கூட்டத் தெரியவில்லையா, கரும்பலகையே சரியாகத் தெரியவில்லையா? பத்து வார்த்தைக்குப் பதில் மூன்று வார்த்தை கொடுங்கள். மேசை ஓரத்தில் ஒரு அட்டை ஒட்டி, அதைத் தொட்டுக் காட்டினால் இரண்டு நிமிடம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று பழக்குங்கள். “இது செல்லம் கொடுக்கிற மாதிரி இல்லையா?” என்று கேட்பார்கள். இல்லை. கிழித்துப் பெற்ற ஓய்வை இப்போது கேட்டுப் பெறுகிறான், திரும்பி வந்து மீதி வார்த்தையை எழுதுகிறான்.

இந்த இடத்தில் பலர் வகுப்பாசிரியரிடம் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இதுவரை பலித்த வழி திடீரென்று பலிக்காமல் போனால் பிள்ளை முதலில் இன்னும் அதிகமாகக் கத்தக்கூடும். முன்கூட்டியே சொல்லாவிட்டால், “உங்க பிளான் வந்தப்புறம்தான் மோசமாச்சு” என்று ஆசிரியர் பழைய வழிக்கே போய்விடுவார். பொறுத்துப் பார்த்துவிட்டு நடுவில் விட்டுக்கொடுத்தால், இந்த அளவுக்குக் கத்தினால்தான் வேலை நடக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்ததாகிவிடும். ஒன்று மட்டும் கவனம். தலையைச் சுவரில் மோதிக்கொள்கிற, கையைக் கடித்துக்கொள்கிற பிள்ளையை ‘கண்டுக்காம விடுங்க’ என்று யாருக்கும் அறிவுரை சொல்லாதீர்கள்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது மூன்று பக்கத் திட்டங்கள்தான். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டிக் போடு, பாராட்டு, ஸ்டிக்கர் ஒட்டு, அட்டவணை நிரப்பு என்று எழுதிக் கொடுத்தால் யார் செய்வது? ஃபைலில் அழகாக இருக்கும், வகுப்பில் நடக்காது. அந்த ஆசிரியரால் தினமும் தவறாமல் செய்யக்கூடியது எது என்று அவரிடமே கேட்டு, ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சில இடங்களில் அது வெறும் இடமாற்றம்: ஜன்னலோரத்திலிருந்து இரண்டாவது வரிசைக்கு. சில இடங்களில், காலையில் வகுப்புக்குள் நுழையும்போது பெயர் சொல்லி ஒரு வார்த்தை பேசுவது. கவனத்துக்காகச் சேட்டை செய்கிற பிள்ளைக்கு இது செய்யும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. ஆசிரியரின் அணுகுமுறையில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஸ்டாஃப் ரூமில் தனியாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் முன்னால் ஒரு தடவை திருத்திவிட்டால், பிறகு அந்த வகுப்பில் உங்கள் பேச்சு எடுபடாது.

உடம்பை மறப்பது இன்னொரு பெரிய தவறு. நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை இன்று கடிக்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கம். வலிப்பு மாத்திரையை மாற்றியிருக்கிறார்களா என்று வீட்டில் கேளுங்கள். ஆறரை மணிக்கே வேன் ஏறி ஒன்றும் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் உண்டு. பள்ளிக் கழிவறை பிடிக்காமல் மூன்றரை மணிவரை அடக்கிக்கொண்டே இருக்கிற பிள்ளைகளும் உண்டு. பேசத் தெரியாத குழந்தை வலியை வேறு எப்படிச் சொல்லும்?

ஷேடோ டீச்சராக இருப்பவர்கள் பிள்ளையோடு ஒட்டிக்கொண்டே உட்காராதீர்கள். பென்சிலை நீங்கள் எடுத்துக் கொடுத்து, பக்கத்தை நீங்கள் திருப்பி, பதிலைக் காதில் நீங்களே சொன்னால், நீங்கள் லீவு போட்ட அன்று அவனுக்கு ஒன்றுமே ஓடாது. ஒரு அடி, பிறகு ஒரு பெஞ்ச், பிறகு வகுப்பின் கடைசி வரிசை என்று தள்ளிப் போய்க்கொண்டே இருங்கள். பக்கத்தில் நீங்கள் இருக்கும்வரை மற்ற பிள்ளைகளும் அவனிடம் பேச மாட்டார்கள்.

பரிசு விஷயம் எளிது: பிள்ளைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும், உடனே கிடைக்க வேண்டும். இன்டர்வெல்லையும் பி.டி. பீரியடையும் பறித்துத் தண்டிக்காதீர்கள். ஓடியாட வேண்டிய பிள்ளையை உட்கார வைத்துவிட்டு அடுத்த பீரியடில் அமைதியை எதிர்பார்ப்பது வீண்.

கையைப் பிடித்து முறுக்குவது, நாற்காலியோடு கட்டுவது, அறையில் பூட்டுவது எதுவும் நம் வேலையின் பகுதி அல்ல. உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. பிள்ளை ரோட்டுக்கு ஓடினால் பிடிக்கத்தான் வேண்டும். ஆபத்து நீங்கியதும் விட்டுவிட வேண்டும், அன்றே எழுதி வைக்க வேண்டும், வீட்டுக்கும் அன்றே சொல்ல வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் வாய் தவறியும் “ஏ.டி.எச்.டி. மாதிரி இருக்கு”, “ஆட்டிசமா இருக்கலாம்” என்று சொல்லாதீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள், குழந்தை மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பார்க்கச் சொல்லுங்கள். பி.எட். சிறப்புக் கல்வி முடித்துவிட்டு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவை எடுக்காமலோ புதுப்பிக்காமலோ விடுகிறவர்களும் இருக்கிறார்கள். 1992-ஆம் ஆண்டின் அந்தக் கவுன்சில் சட்டப்படி பதிவு இல்லாமல் சிறப்பாசிரியராகப் பணி செய்யக் கூடாது. பிள்ளை கத்துகிற வீடியோவை ‘அம்மாவுக்குக் காட்டத்தான்’ என்று எடுத்து ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவது இப்போது சகஜமாகிவிட்டது. எடுக்காதீர்கள், வந்தால் அனுப்பாதீர்கள்.

உங்கள் பதிவு நோட்டை யார் எதற்குக் கேட்கிறார்கள் என்பதிலும் கண் வையுங்கள். அதையே ஆதாரமாக வைத்து “டி.சி. வாங்கிக்கோங்க” என்று பெற்றோரிடம் சொல்கிற நிர்வாகங்கள் உண்டு. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதனால் நோட்டில் பிரச்சினையை மட்டும் எழுதாமல், என்ன முயன்றீர்கள், எது பலித்தது, எந்த பீரியடில் பிள்ளை நன்றாக இருந்தான் என்பதையும் தேதி போட்டு எழுதுங்கள்.

வருட முடிவில் இதையெல்லாம் யாரும் ஒப்படைப்பதில்லை. ஜூனில் புது மிஸ், புது வகுப்பு, அட்டை ஒட்டாத மேசை. டிக்டேஷன் அன்று மறுபடி ஆபீஸ் ரூம். ஏப்ரலிலேயே ஒரு பக்கம் எழுதி, அடுத்த வகுப்பாசிரியர் யார் என்று தெரிந்த அன்றே அவர் கையில் கொடுங்கள், பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஒரு நகல் வீட்டிலும் இருக்கட்டும்.