அலமாரிக்குள் அம்மா: ‘லூட்’ போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆங்கில நாடகாசிரியர் ஜோ ஆர்ட்டனின் ‘லூட்’ (கொள்ளைப் பொருள்) என்ற நகைச்சுவை நாடகத்தைப் புதிதாக எடுக்கும் குழுக்கள், முன்னால் போட்டவர்கள் விழுந்த அதே குழியில்தான் விழுகின்றன. வசனம் மறப்பது, கதவு மக்கர் பண்ணுவதெல்லாம் ஒத்திகையிலேயே சரியாகிவிடும். அதை விடுங்கள்.

சிரிக்க வைக்க நடிப்பது

இதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. அம்மாவுக்கு அன்றுதான் அடக்கம். வங்கியில் கொள்ளையடித்த பணத்தைச் சவப்பெட்டிக்குள் ஒளிக்க, மகன் ஹால் அவள் உடலை அலமாரிக்குள் தலைகீழாக நிறுத்துகிறான். அந்த நேரத்தில் நடிகர் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணை உருட்டினால் ஒரு சிரிப்பு நிச்சயம் கிடைக்கும். ஆனால் அதோடு பயம் போய்விடும். மாட்டிக்கொள்வானோ என்ற பதைப்பு இல்லாமல் மீதி நாடகம் நகராது. வீடு மாற்றும்போது பீரோவைத் தூக்குகிறவன் முகம் எப்படி இருக்குமோ, ஹாலுக்கு அது போதும். அப்பா மெக்லீவி மலர்வளையங்களுக்காகக் கலங்குவதும் நிஜக் கலக்கமாகவே இருக்க வேண்டும்.

1965 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜில் அரங்கேறியபோது நடிப்பும் மேடையமைப்பும் மிகைபாணியில் இருந்தன. ஆர்ட்டன் ஊர் ஊராகத் திருத்தி எழுதியும் அது லண்டனின் முக்கிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டை எட்டாமல் விம்பிள்டனிலேயே நின்றது. 1966 செப்டம்பரில் லண்டனில் புதிதாகப் போட்ட தயாரிப்புதான் ஈவினிங் ஸ்டாண்டர்ட் நாளிதழின் நாடக விருது வரை போனது.

இரண்டாம் வாரத்தில் ஒரு முழு ஒத்திகையைக் குரல் உயர்த்தாமல், வேகமாக ஓட்டுங்கள். மேடையேறிய பின், சிரிப்பு பாதி அடங்கியதும் அடுத்த வசனத்தைத் தொடங்குங்கள். முந்தினால் பணம் எங்கே இருக்கிறது என்ற தகவலே காதில் விழாது.

இலேசான டம்மி

பிணமாக நடிகை நடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அன்றைய தணிக்கை அதிகாரி லார்ட் சேம்பர்லின் அனுமதி கொடுத்தார். டம்மி எப்படியும் வேண்டும். பஞ்சு மட்டும் அடைத்தால் தலையணையைத் தூக்குவதுபோல் இருக்கும். இடுப்பிலும் தோளிலும் மணல் பை வைத்து 12 முதல் 15 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். கழுத்து துவள வேண்டும். முதல் வாரமே நடிகர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

கண்ணாடிக் கண்

அம்மாவின் பிணத்திலிருந்து விழும் கண் இது; உருண்டு ஓடிவிடும். ஒரு பக்கத்தைத் தட்டையாகத் தேயுங்கள்.

பின்னணி இசை

வேண்டாம்.

கோமாளி ட்ரஸ்காட்

குடிநீர் வாரியத்து ஆள் என்று சொல்லிக்கொண்டு நுழையும் போலீஸ்காரன் ட்ரஸ்காட். அவனைக் கோமாளியாக்காதீர்கள். ஹாலை அவன் அடிக்கும் இடத்தை எண்ணிக்கை வைத்து மெதுவாகப் பழகுங்கள். அந்த அடி விழும்போது அரங்கம் ஒரு நொடியாவது அடங்க வேண்டும். அங்கேயும் சிரிப்பு தொடர்ந்தால், அடுத்த நாள் ஒத்திகையை அந்தக் காட்சியிலிருந்தே தொடங்குங்கள்.