இங்கிலாந்துக்கு புதுசா வந்த பெத்தவங்களுக்கு: பிள்ளைங்க மனநலம், மாத்திரை, கேம்ஸ் (CAMHS, பிள்ளைங்க மனநல சேவை) பத்தி

குடும்பத்தோட இங்க வர்றவங்க வீடு, ஸ்கூல், பேங்க் அக்கவுண்ட்னு எல்லாத்தையும் நாலு பேர்கிட்ட விசாரிச்சுடுறாங்க, பிள்ளைக்கு மனசு சரியில்லன்னா எங்க போறதுங்கிறத மட்டும் யார்கிட்டயும் கேக்குறதில்ல. வெளிய தெரிஞ்சா என்ன பேசுவாங்களோன்னு ஒரு பயம், விசாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு இன்னொரு பயம். பிள்ளை மனநல சிகிச்சை எடுக்குதுன்னு உங்க விசா எக்ஸ்டென்ஷன் நிக்காது. விசாவோட சேத்து பிள்ளைக்கு வருஷத்துக்கு 776 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் கட்டியிருப்பீங்க (நர்ஸ் மாதிரி ஹெல்த் அண்ட் கேர் விசாவுல வந்தவங்களுக்கு அதுவும் கிடையாது), அதுலயே இந்த சிகிச்சையும் வந்துடுது. 16 வயசுக்கு கீழ இருக்குற பிள்ளைங்களுக்கு மாத்திரை இலவசம், 16ல இருந்து 18 வரைக்கும் ஃபுல் டைம் படிச்சா இலவசம்.

ஆனா இங்க எல்லாமே க்யூ தான். நம்ம ஊர்ல இன்னைக்கு போன் பண்ணி நாளைக்கு சாயங்காலம் க்ளினிக்ல டாக்டர பாத்துட்டு வர்ற மாதிரி இங்க நடக்காது, பிள்ளைங்க மனநல சேவையான கேம்ஸ்ல மாசக்கணக்குல, ஏடிஹெச்டி (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்குற பிரச்சனை), ஆட்டிசம் அசெஸ்மெண்ட்னா பல இடத்துல வருஷக்கணக்குல காத்திருக்கணும். அதனால தயவுசெஞ்சு "கொஞ்ச நாள் பாப்போம், புது ஊர் பழகிட்டா சரியாயிடும்"னு தள்ளிப் போடாதீங்க. பேர போட்டு வைங்க. நடுவுல பிள்ளை சரியாயிட்டா வேண்டாம்னு சொல்லிக்கலாம், பேர் போடாம விட்டு சரியாகலன்னா அத்தனை மாசமும் வீணாப் போயிருக்கும்.

வந்த முதல் வாரமே ஜிபி (உங்க ஏரியா குடும்ப டாக்டர்) கிட்ட ரெஜிஸ்டர் பண்ணுங்க, அட்ரஸ் ப்ரூஃப் இல்லன்னு ரிசப்ஷன்ல திருப்பி அனுப்பினா, அது கட்டாயம் இல்லன்னு தைரியமா சொல்லலாம், என்ஹெச்எஸ் (இங்க உள்ள அரசு மருத்துவ சேவை) விதியே அதுதான். ஊர்லயே மாத்திரை ஆரம்பிச்ச பிள்ளையா இருந்தா டாக்டர் லெட்டர் ஒண்ணு கண்டிப்பா வாங்கிட்டு வாங்க, அதுல மருந்தோட பேரு (இன்ஸ்பைரல், ஃப்ளுடாக்னு பிராண்ட் பேர சொன்னா இங்க புரியாது, மெத்தில்ஃபெனிடேட், ஃப்ளுவாக்ஸெடின்னு எழுதியிருக்கணும்), எத்தனை மில்லிகிராம், எப்ப ஆரம்பிச்சது, எப்படி டயக்னோஸ் பண்ணாங்க எல்லாம் இருக்கணும். மூணு மாசத்துக்கு கீழ உள்ள அளவ லெட்டரோட கையில கொண்டு வரலாம். தீந்த பிறகு அம்மாகிட்ட சொல்லி கூரியர்ல அனுப்பச் சொல்றது மட்டும் வேண்டவே வேண்டாம், மெத்தில்ஃபெனிடேட் இங்க கன்ட்ரோல்ட் டிரக், அதாவது சட்டக் கட்டுப்பாடு உள்ள மருந்து. ஜிபி உங்க லெட்டர பாத்த உடனே அதே மாத்திரைய எழுதித் தரமாட்டாங்க, ஸ்பெஷலிஸ்ட் பாத்த பிறகுதான் தருவாங்க, அதனால ஸ்டாக் தீர்ற வரைக்கும் காத்திருக்காம முதல் வாரமே ரெஃபரல் கேளுங்க.

ஸ்கூல மறந்துடாதீங்க. ஒவ்வொரு ஸ்கூல்லயும் கூடுதல் உதவி தேவைப்படுற பிள்ளைங்கள பாத்துக்க சென்கோன்னு ஒரு டீச்சர் இருப்பாங்க, அவங்கள பாத்து பேசுங்க. டயக்னோசிஸ் கையில இல்லன்னாலும் கிளாஸ்ல உதவி ஆரம்பிக்கலாம், "ரிப்போர்ட் வந்தா பாக்கலாம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. கேம்ஸ் ரெஃபரல நிறைய தடவ ரிஜெக்ட் பண்ணுவாங்க, மனசு உடைய வேண்டாம், காரணத்த எழுத்துல வாங்கி, ஸ்கூல்ல இருந்து ஒரு லெட்டர் சேத்து மறுபடி அனுப்பச் சொல்லுங்க. ஏடிஹெச்டி அசெஸ்மெண்டுக்கு ஜிபி கிட்ட "ரைட் டு சூஸ்"னு கேட்டா வேற ப்ரொவைடருக்கு அனுப்புவாங்க, செலவு என்ஹெச்எஸ் தான். பிரைவேட்டா போறதா இருந்தா பணம் கட்டுறதுக்கு முன்னாடியே ஷேர்டு கேர் (பிரைவேட் டாக்டர் ஆரம்பிச்ச மாத்திரைய ஜிபி தொடர்ந்து எழுதித் தர்றது) ஒத்துக்குவீங்களான்னு உங்க ஜிபி கிட்ட கேட்டுக்கோங்க. அவங்க முடியாதுன்னுட்டா மாசாமாசம் கன்சல்டேஷன், மாத்திரை ரெண்டையும் கைக்காசு போட்டுத்தான் பாக்கணும், அது தாங்காது.

இப்ப மாத்திரை. "சின்னப் பிள்ளைக்கு மனநல மாத்திரையா, மந்தமாயிடுமே"ங்கிற கேள்வி எல்லா வீட்டுலயும் வரும். ஏடிஹெச்டிக்கு 5 வயசுக்கு மேல மாத்திரை தேவைன்னா பொதுவா மெத்தில்ஃபெனிடேட்லதான் ஆரம்பிப்பாங்க, அதுவும் வீட்டுலயும் ஸ்கூல்லயும் செய்ய வேண்டிய மாற்றங்கள செஞ்சு பாத்த பிறகு. எடை, உயரம், பிபி, பல்ஸ் எல்லாத்தையும் பாத்துத்தான் டோஸ் ஏத்துவாங்க, அதுக்கப்புறமும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது பாப்பாங்க. பிள்ளை மந்தமா, சிரிப்பே இல்லாம இருந்தா டோஸ் அதிகம்னு அர்த்தமா இருக்கலாம், போன் பண்ணி சொல்லுங்க, குறைப்பாங்க இல்ல மாத்துவாங்க.

இந்த மாத்திரையால பசி குறையும், நம்ம வீட்டுல அம்மா பாட்டி எல்லாரும் கலங்கிப் போற இடம் அதுதான். லஞ்ச் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். திட்டாதீங்க, பிள்ளைக்கு நிஜமாவே பசிக்காது. காலைல மாத்திரைக்கு முன்னாடியே நல்லா சாப்பிட வைங்க, நெய் விட்ட தோசை, முட்டை, பால்னு கனமா. மத்தியானம் நாலு வாய் போதும். ராத்திரி ஏழு எட்டு மணிக்கு மாத்திரை வேகம் அடங்கினதும் பசி திரும்பும், அப்ப தட்டு நிறைய சாதத்தப் போட்டு தயிர ஊத்திக் கொடுங்க, தூங்கப் போற நேரத்துல கேட்டாலும் கொடுங்க.

கன்சர்ட்டா, மெடிக்கினெட், ஈக்வாசிம் எல்லாம் மெத்தில்ஃபெனிடேட்ங்கிற ஒரே மருந்துதான், ஆனா மருந்து வெளிவர்ற வேகம் வேற வேற, அதனால பிராண்ட் மாத்திக் கொடுத்தா பார்மசில கேளுங்க. ப்ரிஸ்கிரிப்ஷன் எழுதின நாள்ல இருந்து 28 நாள்தான் செல்லும், ஒரு தடவைக்கு பொதுவா 30 நாளுக்கு மேல மாத்திரை தரமாட்டாங்க. 2023 செப்டம்பர்ல நாடு முழுக்க இந்த மாத்திரைங்களுக்கு தட்டுப்பாடு வந்து ஜனங்க பார்மசி பார்மசியா அலைஞ்சாங்க, அதனால கடைசி மாத்திரை வரைக்கும் விட்டுட்டு கிளம்பாதீங்க.

டிப்ரெஷன் வேற கதை. மத்த பாஷை பேசுற ஸ்கூல்ல திடீர்னு வந்து விழுந்த பதினாலு வயசுப் பிள்ளை, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஊர்ல, ரூம விட்டு வர்றதில்ல, தூக்கம் இல்ல, பிடிச்சத கூட தொடுறதில்லன்னு வாரக்கணக்குல போச்சுன்னா அத வயசுக் கோளாறுன்னு விடக்கூடாது. இங்க முதல்ல பேச்சு சிகிச்சைதான், மிதமா இல்ல தீவிரமா இருந்தா அதோட ஃப்ளுவாக்ஸெடின் சேப்பாங்க, 10 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு. பலன் தெரிய நாலு வாரம், ஆறு வாரம் கூட ஆகும். ஆரம்ப வாரங்கள்ல சில பிள்ளைங்களுக்கு படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடலாம், அதனாலதான் முதல் நாலு வாரம் வாராவாரம் பாக்கவோ பேசவோ செய்யணும்னு வழிகாட்டுதல் இருக்கு. யாரும் கூப்பிடலன்னா நீங்களே கூப்பிடுங்க. நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்தாதீங்க, சரியான பிறகும் ஆறு மாசமாவது தொடரணும், அப்புறம் மெதுவா குறைச்சுத்தான் நிறுத்துவாங்க.

இன்னொண்ணு, இத படிச்சிட்டு இப்பவே எழுந்து போய் செய்யுங்க. இங்க சூப்பர் மார்க்கெட்ல ஒரு பாக்கெட்டுக்கு 16 பாரசிட்டமால்தான் வைப்பாங்க, 1998ல இருந்து அப்படி, வேகத்துல எடுத்து முழுங்கிடக் கூடாதுன்னு. நாம ஊர்ல இருந்து அதே பாரசிட்டமாலான டோலோ 650 பட்டை பட்டையா பெட்டில கொண்டு வந்து கிச்சன் டிராயர்ல போட்டு வச்சிருக்கோம். அத பூட்டுங்க. பாரசிட்டமால் அதிகமா சாப்பிட்ட பிள்ளை முதல் நாள் நல்லாத்தான் இருக்கும், உள்ள ஈரல் கெட்டுட்டு இருக்கும், அதனால சாப்பிட்டேன்னு சொன்ன அந்த நிமிஷமே ஏ அண்ட் இ (ஆஸ்பத்திரி எமர்ஜென்சி) போங்க. அவசரம்னா 999, உயிருக்கு உடனடி ஆபத்து இல்ல ஆனா நிலைமை மோசம்னா 111 அடிச்சு 2 அமுக்கணும், 24 மணி நேரமும் எடுப்பாங்க. பிள்ளைங்களே பேசணும்னா சைல்ட்லைன் 0800 1111.

டாக்டர் பிள்ளைகூட தனியா பேசணும்னு உங்கள வெளிய உக்காரச் சொல்லுவாங்க. அது உங்கள அவமானப்படுத்துறது இல்ல, இங்க வழக்கமே அப்படித்தான், உயிருக்கு ஆபத்துன்னா உங்ககிட்ட சொல்லாம இருக்கமாட்டாங்க. இங்கிலீஷ் கஷ்டமா இருந்தா அப்பாயிண்ட்மெண்ட் போடும்போதே தமிழ் இன்டர்ப்ரெட்டர் கேளுங்க, இலவசம்தான். பிள்ளையையே மொழிபெயர்க்க விடாதீங்க, தன்னோட வலிய தானே அம்மாவுக்கு சொல்லிக் காட்டுற நிலைமை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.

லீவுக்கு ஊருக்குப் போறப்ப மாத்திரைய ஒரிஜினல் பாக்கெட்லயே, டாக்டர் லெட்டரோட ஹேண்ட் லக்கேஜ்ல வைங்க. லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின்ங்கிற இன்னொரு ஏடிஹெச்டி மருந்து எடுக்குற பிள்ளைன்னா டிக்கெட் போடும்போதே இந்திய ஹைகமிஷன்ல கேட்டுக்கோங்க, அந்த மருந்து ஊர் பார்மசில கிடைக்காது. 18 ஆனா பொதுவா கேம்ஸ் முடிஞ்சு பெரியவங்க சேவைக்கு மாத்துவாங்க, அந்த இடைவெளில நிறைய பிள்ளைங்க விட்டுப் போயிடுறாங்க, அதனால பதினேழு தொட்டதுமே "அடுத்து யார் பாப்பாங்க, மாத்திரை யார் எழுதுவாங்க"ன்னு கேட்டு எழுத்துல வாங்கிடுங்க.