குவாண்டம் புள்ளிச் சூரியக் கலத்தில் மின்னூட்டத்தைப் பிரித்தெடுப்பது எப்படி?

சில நானோமீட்டர் அளவே உள்ள குறைகடத்தித் துகளான குவாண்டம் புள்ளியின் மீது ஒளி பட்டவுடன் எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற நேர்மின் வெற்றிடமான துளையும் உருவாகிவிடுகின்றன. அவை மீண்டும் ஒன்றுசேர்ந்து வீணாவதற்குள் எலக்ட்ரானை ஒரு பக்கமும் துளையை மறுபக்கமும் வெளியேற்றுவதுதான் கடினமான வேலை. ஈயச் சல்பைடுப் புள்ளிகளால் ஆன கலங்கள் திறன் மிக்கவை என்றாலும், கடற்காற்றின் ஈரம் எளிதில் அடங்காத புதுச்சேரி, கடலூர்க் கல்லூரி ஆய்வகங்களில் புதிதாகத் தொடங்குவோருக்குக் கரைசலில் முக்கியெடுத்தே செய்யக்கூடிய காட்மியம் சல்பைடுக் கலத்தைத்தான் பரிந்துரைப்பேன்.

முதலில் எலக்ட்ரான் செல்லும் வழியை அமைக்க வேண்டும். மின்கடத்தும் கண்ணாடியின் எந்தப் பக்கம் கடத்துகிறது என்பதை மல்டிமீட்டரால் உறுதிசெய்துகொண்டு, அப்பக்கத்தில் டைட்டானியம் டை ஆக்சைடுப் பசையை மெல்லியதாக இழுத்துப் பூசி, 450 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சுட வேண்டும். சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால்தான் எலக்ட்ரான் துகளுக்குத் துகள் தாவிக் கண்ணாடியை அடைகிறது.

பிறகு இந்தப் படலத்தைக் காட்மியம் நைட்ரேட்டுக் கரைசலில் ஒரு நிமிடம் முக்கி, அலசி, சோடியம் சல்பைடுக் கரைசலில் ஒரு நிமிடம் முக்கி, மீண்டும் அலச வேண்டும். இது ஒரு சுற்று. சுற்றுகள் கூடக்கூடப் படலத்தின் மஞ்சள் நிறம் அடர்ந்து, உறிஞ்சப்படும் ஒளியும் பெருகும். ஆனால் புள்ளி பெரிதாகும்போது அதன் கடத்துப்பட்டை (எலக்ட்ரான் நகரும் ஆற்றல் மட்டம்) தாழ்ந்து, டைட்டானியம் டை ஆக்சைடுக்குள் எலக்ட்ரானைத் தள்ளும் விசை குறைகிறது, படலத்தின் நுண்ணிய இடைவெளிகளும் அடைபடுகின்றன. நிறத்தைப் பார்த்து மயங்காமல், ஐந்தாறு சுற்றுகளிலேயே கலத்தின் மின்னோட்டத்தை ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

துளையை வாங்கிக்கொள்வது, கலத்தின் இரு முனைகளுக்கும் நடுவே நிரப்பும் கரைசலான மின்பகுளியின் பொறுப்பு. அயோடைடு மின்பகுளி காட்மியம் சல்பைடை அரித்துவிடும் என்பதால், சோடியம் சல்பைடும் கந்தகமும் நீரில் கரைந்த பல்சல்பைடுக் கரைசலையே பயன்படுத்த வேண்டும். படலத்துக்கு எதிரே வைக்கும் மின்முனையான எதிர்முனைக்குப் பிளாட்டினம் வேண்டாம். கந்தகம் அதன் பரப்பில் படிந்து வினையை மந்தமாக்கிவிடும். அதைவிட மலிவான பித்தளைத் தகடே இங்கு சிறந்தது. தகட்டைச் சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வைத்துத் துத்தநாகத்தை அரித்தெடுத்து, பின்பு பல்சல்பைடில் நனைத்தால் கறுப்பான செப்புச் சல்பைடு படியும். இரண்டுக்கும் நடுவில் தகட்டை நீரில் நன்றாக அலசியே ஆக வேண்டும்: சல்பைடுக் கரைசலில் அமிலம் கலந்தால் நச்சுத்தன்மை மிக்க ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிவரும். வேலை முழுவதையும் கையுறையோடு, நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்குள் செய்யுங்கள். காட்மியம் கலந்த நீரைத் தனிக் கலனில் சேர்த்து வையுங்கள். ஆலைக் கழிவால் உப்பனாறு பட்ட பாட்டை அறிந்த கடலூர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும், டைட்டானியம் டை ஆக்சைடை அடைந்த எலக்ட்ரான் மின்பகுளிக்குள் கசிந்து திரும்பிவிடக்கூடும். அதைத் தடுக்க, கலத்தைப் பொருத்துவதற்கு முன்பே புள்ளிகளின் மேல் துத்தநாகச் சல்பைடை இரண்டு சுற்றுகள் பூச வேண்டும். பூச்சு தடித்துவிட்டால் துளையும் வெளியேற முடியாது.

பூச்சு பலனளித்ததா என்பதை அறிய, பூசிய கலம், பூசாத கலம் ஆகிய இரண்டையும் ஒளியில் வைத்துத் திறந்த சுற்று மின்னழுத்தத்தை (வெளிச்சுற்றில் மின்னோட்டம் ஓடாதபோது உள்ள மின்னழுத்தம்) குறித்துக்கொண்டு, ஒளியை மறைத்து, அது இறங்கும் வேகத்தை ஒப்பிடுங்கள். பூசிய கலத்தில் மின்னழுத்தம் மெதுவாக இறங்கினால் கசிவு குறைந்திருக்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சரிந்தால் துத்தநாகச் சல்பைடு சீராகப் படியவில்லை என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். எதிர்முனையை மாற்றிப் பார்ப்பதால் அந்தக் குறை தீராது.